ஸ்டுடியோவைப் பார்க்காதீர்கள், சமையலறையைப் பாருங்கள்: டெல்லி கோஜ், பெங்களூர் ஒன் சாந்தி ரோடு என்ற இரண்டு கலைஞர் ரெசிடென்சிகள் பற்றி ஒரு மதிப்புரை

ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு வந்தவரிடம் அறை எப்படி, தண்ணீர் ஒழுங்காக வந்ததா, பக்கத்தில் நல்ல மெஸ் இருக்கிறதா என்று கேட்க நாம் கூசுவதில்லை. கலைஞர்கள் சில வாரம் தங்கி வேலை செய்ய இடம் தரும் ரெசிடென்சி ஒன்றில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவரிடம் மட்டும் இந்தக் கேள்விகளை எவரும் கேட்பதில்லை. அனுபவம் எப்படி இருந்தது என்று பொதுவாக விசாரித்து, அருமையாக இருந்தது என்ற பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்து வெளியே வந்த நாள் முதல் விண்ணப்பம் போடுவதும், நிராகரிப்புக் கடிதம் வாங்குவதும், எப்போதாவது ஒன்றில் இடம் கிடைப்பதும், நண்பர்கள் தங்கியிருக்கும் இடங்களுக்கு, வேலையைப் பார்வையாளர்களுக்குத் திறந்து காட்டும் ஓப்பன் ஸ்டுடியோ நாளில் போய்ப் பார்ப்பதுமாகக் காலம் கழித்திருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு எனக்கு உறுதிப்பட்டிருப்பது ஒன்றுதான்: ஒரு ரெசிடென்சியை எடைபோட அதன் ஸ்டுடியோப் படங்கள் உதவாது, அதன் சமையலறையும், அது கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கமும்தான் உதவும்.

நம் ஊரில் பலர் ரெசிடென்சியையும் ஆர்ட் கேம்ப்பையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கேம்ப் என்பது மூன்று முதல் ஐந்து நாள் விவகாரம். ஒரு ஓட்டலோ ரிசார்ட்டோ பத்துப் பதினைந்து ஓவியர்களை அழைத்து, கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கொடுத்து, மூன்று வேளையும் நன்றாகவே சாப்பாடு போட்டு, போகும்போது ஆளுக்கு ஒன்றோ இரண்டோ படங்களை வாங்கி வைத்துக்கொள்ளும். அதில் தவறில்லை, அது ஒரு நேர்மையான பண்டமாற்று. ஆனால் ஓர் இடத்தையே பொருள்களால் அமைத்துக் காட்டும் நிறுவல் கலை செய்பவரோ, உடலையே ஊடகமாகக் கொண்டு நிகழ்த்துகலை செய்பவரோ அங்கே என்ன விட்டுவிட்டுப் போக முடியும்? ரெசிடென்சி என்ற ஏற்பாட்டின் அடிப்படையே, முடிந்த பொருளைக் கேட்காமல் காலத்தைக் கொடுப்பதுதான். ஒரு மாதம் உட்கார்ந்து எதுவும் சரியாக வராமல், கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரு குறிப்பேட்டோடு வீடு திரும்புவதற்கும் அங்கே உரிமை இருக்க வேண்டும்.

அந்த உரிமை எனக்கு ஒருமுறை மறுக்கப்பட்டது. மலைப்பகுதி ஒன்றில், மிக அழகான ஓட்டு வீட்டில், மூன்று வாரம். கட்டணம் நான்தான் கட்டினேன். மூலப்பொருள் செலவும் என்னுடையதே. பனை நாரும் களிமண்ணும் கலந்து, மழையில் கரைந்து போவதற்காகவே ஒரு சிற்ப வரிசை செய்துகொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நாள் பொறுப்பாளர் வந்து, தங்குபவர் ஒவ்வொருவரும் ஒரு படைப்பை நிறுவனத்தின் சேகரிப்புக்கு அளித்தாக வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் சுட்டிக்காட்டினார். கையெழுத்துப் போட்டவன் நான். படிக்காதது என் குற்றம். கரையப் போவதை எப்படித் தருவது என்று கேட்டதற்கு, அப்படியானால் கரையாத ஒன்றைச் செய்து தாருங்கள் என்றார். கடைசி இரண்டு நாள் அதற்கே போயிற்று. அங்கே சமையலறைக் கதவில், இரவு எட்டு மணிக்குமேல் பூட்டப்படும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்ததை முதல் நாளே பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907-இல் தொடங்கப்பட்ட மெக்டவல் என்ற ரெசிடென்சியில், மதிய உணவைக் கூடையில் வைத்துக் கதவைத் தட்டாமல் ஸ்டுடியோ வாசலில் விட்டுச்செல்லும் வழக்கம் இருக்கிறது. தங்குபவரிடம் கட்டணமும் கிடையாது. வேலையில் இருப்பவரைச் சாப்பாட்டுக்குக்கூடத் தொந்தரவு செய்யாமல் இருப்பதையும், எட்டு மணிக்குப் பூட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் இடம் தன்னிடம் தங்குபவரை யாராக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலோடுதான் கோஜ் பற்றி எழுதுகிறேன். இந்தியாவில் சமகாலக் கலைக்கான ரெசிடென்சி என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் அது. 1997-இல் டெல்லியை அடுத்த மோதிநகரில் ஒரு சர்வதேசப் பட்டறையாகத் தொடங்கியது. சிற்பி ஆன்டனி காரோவும் கலைச் சேகரிப்பாளர் ராபர்ட் லோடரும் 1982-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆரம்பித்த டிரையாங்கிள் பட்டறைகளின் வழிமுறையைப் பின்பற்றி, உள்நாட்டவரும் வெளிநாட்டவருமாகக் கலைஞர்களை இரண்டு வாரம் ஓரிடத்தில் தங்க வைத்து, விற்பனையோ கண்காட்சியோ இல்லாமல் வேலை செய்யவிடும் ஏற்பாடு. சுபோத் குப்தா, பாரதி கேர், அனிதா துபே, மனிஷா பாரேக் ஆகிய கலைஞர்கள் தொடக்கத்தில் இருந்தவர்கள். பூஜா சூத் அதன் இயக்குநராக நீண்டகாலம் இருந்து நடத்தியவர். சுபோத் குப்தா உடலெங்கும் பசுஞ்சாணம் பூசிக்கொண்டு செய்த ‘ப்யூர்’ என்ற நிகழ்த்துகலைப் படைப்பு அந்த மோதிநகர்க் காலத்தில் முளைத்தது. கேலரி ஒன்றில் அதை முதல்முறையாகச் செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தால், அந்தப் பட்டறைகள் கொடுத்தது என்ன என்பது விளங்கும். விற்பவரும் வாங்குபவரும் இல்லாத இடத்தில்தான் ஒருவர் சாணத்தைக் கையில் எடுக்கத் துணிவார்.

ஆண்டுக்கொருமுறைப் பட்டறையாக இருந்த கோஜ், பின்னர் தெற்கு டெல்லியின் கிர்க்கி எக்ஸ்டென்ஷனில் சொந்தக் கட்டடத்துக்கு வந்து ஆண்டு முழுவதும் இயங்கும் அமைப்பானது. இந்த இடத்தேர்வைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோஜில் தங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி ஸ்டுடியோ அல்ல, இந்தத் தெருதான். பதினான்காம் நூற்றாண்டில் துக்ளக் ஆட்சியில் கட்டப்பட்ட கிர்க்கி மசூதியின் பெயர்தான் ஊருக்கும்; கிர்க்கி என்றால் சன்னல். பிரதான சாலையின் ஒரு பக்கம் சாகேத்தின் கண்ணாடி மால்கள், மறுபக்கம் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், தலைக்குமேல் தூக்கணாங்குருவிக் கூடு போலத் தொங்கும் மின்கம்பிகள். பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த மாணவர்களும் வணிகர்களும், ஆப்கானிய அகதிக் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான். பக்கத்து ஹௌஸ் ரானியில் ஆப்கானியர் அடுப்பில் சுட்டு எடுக்கும் நீள ரொட்டியை ஒருமுறை சாப்பிட்டவர்கள் மால் பக்கம் போக மாட்டார்கள். 2014 ஜனவரியில் அப்போதைய டெல்லி சட்ட அமைச்சரே முன்னின்று ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கியிருந்த வீடுகளுக்கு நள்ளிரவில் சோதனைக்குப் போய் நாடே பேசியதும் இதே கிர்க்கியில்தான். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைச் சுவருக்குள் மட்டும் வேலை செய்வது கடினம். கோஜின் ஆதரவில் ‘கிர்க்கி ஆவாஸ்’ என்ற இந்தி, ஆங்கில இருமொழிச் செய்தித்தாள் தெருவுக்காக வந்தது. அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு அங்கே நீண்ட தொடர்ச்சி உண்டு.

நான் போனது ஒரு ஜூன் மாத ஓப்பன் நாளில். வெயில் நாற்பத்து நான்கு டிகிரியைத் தொட்டிருந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி ஸ்டுடியோக்கள். ஒவ்வொன்றிலும் பாதி முடிந்த ஏதோ ஒன்று. இளைஞர் ஒருவர் சந்தில் இறங்கி, பனிக்கட்டிப் பாளம் ஒன்றைத் துணியில் கட்டி முதுகில் சுமந்து மிக மெதுவாக நடந்தார். ஐம்பது அடி போவதற்குள் பத்துச் சிறுவர்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் ஷூட்டிங்கா என்று கேட்டார்கள். கேமராவைக் காணோம் என்றதும், சர்பத் விற்கப் போகிறாரா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை என்றானபின், துணியிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் பூசிக்கொண்டு கூடவே நடந்தார்கள். அந்தக் கடைசிக் காரியம் அவர் திட்டத்தில் இல்லாதது; அன்றைய நிகழ்வில் மிகச் சிறந்த பகுதியும் அதுவே. முற்றத்துக்குள் நடந்திருந்தால் நாங்கள் நாற்பது பேர் கைகட்டி நின்று பார்த்திருப்போம்.

கோஜின் திட்டங்களில் இளம் கலைஞர்களுக்கு மிகவும் பயன்படுவது ‘பியர்ஸ்’. படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கானது, ஏறக்குறைய ஒரு மாதம், சிறு குழு. அதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம், கலைஞர்களோடு கூடவே ஓர் இளம் விமர்சகரையும் தங்கவைப்பது. விமர்சகர் என்றால் நமக்குக் கண்காட்சி முடிந்த பிறகு வந்து எழுதுபவர். இங்கே அவர் உங்களுடன் காலையில் டீ குடிக்கிறார், நீங்கள் கலைத்துப் போட்டதைப் பார்க்கிறார், இரவு இரண்டு மணிக்கு ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்கிறார். நம் கவின் கலைக் கல்லூரிகளில் கை வேலையைப் பிரமாதமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஆனால் செய்ததைப் பற்றிப் பேசவோ எழுதவோ பழக்குவது குறைவு. தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவருக்கு அந்த ஒரு மாதப் பேச்சு ஸ்டுடியோவைவிடப் பெரிய வரவு. நிகழ்த்துகலைக்கென்று 2008-இல் ‘கோஜ் லைவ்’ என்ற சர்வதேச விழாவையே நடத்திய அமைப்பு என்பதால், உடலை வைத்து வேலை செய்பவரை அவர்கள் விநோதமாகப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறையாக எனக்குப் படுவது, கோஜ் இன்று ஒரு நிறுவனம் என்பதுதான். கருப்பொருள் அறிவிக்கிறார்கள், நடுவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், சுற்றுச்சூழல், சட்டம், அறிவியல் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கேள்வி முன்கூட்டியே இருக்கிறது. பட்டறைக் காலத்தின் கட்டற்ற தன்மையைக் கேள்விப்பட்டுப் போகிறவருக்கு இது சற்று ஏமாற்றம் தரலாம். ஆனால் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பணம் கொடுப்பவர்கள் ஃபோர்டு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் என்றால் அவர்களுக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். வரையறுத்த கேள்வி இல்லாமல் அறிக்கை எழுத முடியாது. அதோடு, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், வெளிநாட்டுப் பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைத்தது. ரெசிடென்சி என்ற தொழிலில் வாடகையும் சமையல்காரரின் சம்பளமும் மின்கட்டணமுமே பெரும் செலவு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், ஏன் பல இடங்களில் தங்கும் காலம் சுருங்குகிறது, ஏன் பலரும் கட்டணம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்குக் கலைஞர்கள் அமைப்பாளர்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். நானும் சில காலம் திட்டிக்கொண்டிருந்தவன்தான்.

கோஜை ஓர் அலுவலகம் என்றால் பெங்களூரின் ஒன் சாந்தி ரோடு ஒரு வீடு. பெயரே முகவரிதான்: சாந்தி நகர், சாந்தி ரோடு, எண் 1. கலை வரலாற்றாளரும் ஓவியருமான சுரேஷ் ஜெயராம் 2003-இல் தொடங்கியது. கட்டடத்தை வடிவமைத்தவர் மீத்தா ஜெயின். மனையில் இருந்த பாதாம் மரத்தை, நாம் நாட்டு வாதுமை என்போமே அதை, வெட்டாமல் அதைச் சுற்றியே வீட்டை எழுப்பியிருக்கிறார்கள். கீழே கண்காட்சிகளும் உரைகளும் நடக்கும் கூடம் உண்டு; தங்கும் கலைஞர்களுக்கு அறைகளும் உண்டு. ஜெர்மனியின் பண்பாட்டு மையமான கதே நிறுவனத்தின் பெங்களூர்க் கிளை ஜெர்மானியக் கலைஞர்களை நகரின் பல இடங்களில் தங்கவைக்கும் ‘பெங்களூரெசிடென்சி’யில் இந்த வீடும் ஒரு விருந்தோம்பி. ஆனால் பெரிய நிதியில் நடக்கும் இடமல்ல. தானே செலவுக்கு வழிசெய்துகொண்டு வருபவர்களும் அங்கே தங்குகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் எதற்கு யார் பணம் தருவது என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மலைவீட்டில் பட்டவன் சொல்கிறேன்.

முதல்முறை அங்கே ஒரு ஸ்லைடு உரை கேட்கப் போயிருந்தேன். உரைக்கு அரை மணி இருந்தது. கூடத்தில் ஒருவரும் இல்லை, எல்லோரும் சமையலறையில். நீள மேசையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கத்தி வந்தது. என் இடப்பக்கம் இருந்தவர் வெளிநாட்டு ஒலிக்கலைஞர், வலப்பக்கம் இருந்தவர் உள்ளூர்க் கட்டடக்கலை மாணவி, எதிரே இருந்தவர் அன்று மாலை உரையாற்ற வேண்டியவர். அவர் தன் உரையில் சொல்லப் போவதில் பாதியை பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். நாங்கள் குறுக்கே கேட்ட கேள்விகளால் மேடையில் உரையின் போக்கே மாறியது. முற்றத்தில் உதிர்ந்து கிடந்த சிவந்த வாதுமை இலைகளைப் பெருக்காமல் விட்டிருந்தார்கள். அந்த மாதம் தங்கியிருந்தவர் அவற்றைப் பொறுக்கி எடுத்துப் படி ஒன்றின்மேல் நிறவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் அதில் கை வைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மலைவீட்டில் அதையே செய்திருந்தால் மறுநாள் காலை துடைப்பம் வந்திருக்கும்.

வீடு என்பதன் தொல்லையும் உண்டு. தனிமை வேண்டுபவருக்கு இது ஏற்ற இடமல்ல. நகரின் கலை உலகம் முழுவதும் அந்த மேசையைக் கடந்து போகிறது. பெரிய இரும்பு வேலையோ கல் வேலையோ செய்ய இடமும் கிடையாது. ஒருவரின் விருந்தோம்பலைச் சுற்றி எழுந்த இடம் என்பதால் அந்த ஒருவரின் ஆர்வங்களே அதன் எல்லையாகவும் ஆகலாம் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்திருப்பதைப் பார்த்தபின் அந்தச் சந்தேகத்தைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நிகழ்த்துகலையை மட்டும் தேடுபவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கோவாவில் நிகில் சோப்ரா, மாதவி கோரே, ரொமெய்ன் லூஸ்தோ ஆகியோர் 2014-இல் தொடங்கிய எச்.எச். ஆர்ட் ஸ்பேசஸ், கலைஞர்களே நடத்தும் இடம். பல மணி நேரம் நீளும் நேரடி நிகழ்த்தல்களில் தேர்ந்தவர்கள். நம் பக்கத்தில், வீணாபாணி சாவ்லா 1981-இல் மும்பையில் நிறுவி 1993-இல் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த ஆதிசக்தி இருக்கிறது. ஆரோவில் அருகே மரங்களுக்கு நடுவே, கூடியாட்டம் என்ற கேரள நாடக மரபின் மூச்சுப் பயிற்சியையும் களரிப்பயட்டையும் அடிப்படையாகக் கொண்டு உடலைத் தயார்செய்யும் பயிலரங்குகளை நடத்துகிறார்கள். ஆனால் அது நாடகத்தின் வழியிலான தேடல், அதற்கென ஓர் ஒழுங்கும் முறையும் உண்டு. தன் போக்கில் தடுமாறிப் பார்க்க விரும்பும் காட்சிக் கலைஞர் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சோழமண்டலம் ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி விற்ற பணத்தில் நிலம் வாங்கி 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்தது கலைஞர்கள் நிரந்தரமாக வாழும் ஒரு கிராமம். வந்து போகிறவர்களுக்கான ரெசிடென்சி அதன் பிறவி நோக்கமல்ல.

விண்ணப்பத்தின் மொழி பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. இந்தியாவின் ஏறக்குறைய எல்லா ரெசிடென்சிகளும் ஆங்கிலத்தில், அதுவும் ஒருவகைக் கலைக்கூட ஆங்கிலத்தில், ஒரு பக்கக் கருத்துரை கேட்கின்றன. கும்பகோணத்தில் என்னுடன் படித்தவர்களில் என்னைவிடப் பல மடங்கு கைத்திறன் உள்ள மூவர் இதற்காகவே ஒருமுறைகூட விண்ணப்பித்ததில்லை. அவர்களில் ஒருவர் வார்ப்புச் சிற்பத்தில் கெட்டிக்காரர், சுவாமிமலைப் பட்டறைகளில் கேட்டு வாங்கிக் கற்றவர். மெழுகில் செய்த உருவை மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. அவருக்காக நான் ஒரு கருத்துரையை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அவர் தமிழில் எழுதியிருந்த வரி: “மெழுகு உருகிப் போன இடத்தில்தான் சாமி வந்து உட்காருது, எனக்கு அந்த வெத்து இடத்தைக் காட்டணும்.” இதை நான் ஆங்கிலத்தில் ஆக்கியபோது, இன்மை, சுவடு, பொருண்மை என்று நாலு கனமான சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன, அவருடைய வரி காணாமல் போயிற்று. தேர்வாகவில்லை. தமிழில் அனுப்புங்கள், ஒலிப்பதிவாக அனுப்புங்கள் என்று ஒரே ஒரு ரெசிடென்சி சொன்னால்கூட அங்கே வந்து குவியும் ஆட்கள் வேறாக இருப்பார்கள். கராச்சியின் வஸ்ல், டாக்காவின் பிரித்தோ, கொழும்பின் தீர்த்த ஆகிய கலைஞர் அமைப்புகள் என்று எல்லை தாண்டிய தெற்காசிய வலைப்பின்னலையே கட்டி எழுப்ப முடிந்த இத்துறைக்கு, மாநில எல்லையைத் தாண்டுவதா கடினம்?

சுருக்கமாக யாருக்கு எது என்று கேட்டால்: படிப்பு முடித்து மூன்று நான்கு ஆண்டுக்குள் இருப்பவர், செய்வதைப் பேசிப் பழக வேண்டும் என்று நினைப்பவர், கோடை வெயிலைத் தாங்கக்கூடியவர், கோஜின் பியர்ஸுக்குப் போடலாம். ஏற்கெனவே ஒரு வேலை கையில் இருந்து, அதைப் பலர் கண்ணில் படவிட்டு வளர்க்க விரும்புபவருக்கு சாந்தி ரோடு. எதுவானாலும் அனுப்பும் மின்னஞ்சலில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: பயணச்செலவு யாருடையது, மூலப்பொருளுக்கு எவ்வளவு, படைப்பு யாருக்குச் சொந்தம், இரவில் சமையலறை திறந்திருக்குமா. நான்காவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் எழுதும் இடம் எனக்கு இதுவரை இரண்டு முறை வாய்த்திருக்கிறது. இரண்டு முறையும் நன்றாக வேலை செய்தேன். வார்ப்புச் சிற்பி நண்பர் அடுத்த முறைக்கு எழுத ஆரம்பித்திருக்கிறார். இந்த முறை அவருடைய வரியைத் தமிழிலேயே விட்டுவிட்டு, அடியில் மட்டும் ஆங்கிலத்தில் பொருள் எழுதுவதாக இருக்கிறோம்.